நிழல் நீக்கி ஒளி தீட்டியவர்: ஓவியர் கொண்டைய ராஜு

முத்து விளையும் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒளியைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்னும் பெருமை நம்மிடையே உண்டு. கொற்கையும் காயலும் முத்துக்குப் பெயர்பெற்று விளங்கிய காலந்தொட்டே இக்கரையின் வணிகர்கள் ஒளியைப் படித்தறிந்தவர்கள். துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் முத்தைச் சலித்துப் பருமன் பிரிப்பர்; பின்பு பகல் வெளிச்சத்தில் விரித்து வைத்து உருட்டி உருட்டிப் பார்ப்பர். வெண்மையில் மஞ்சள் சாய்ந்திருக்கிறதா, செம்மை தழுவியிருக்கிறதா, ஒளி முத்தின் மேலே நிற்கிறதா, உள்ளிருந்து எழுகிறதா என்பதை அறிந்த பின்னரே விலை பேசுவர். மதுரையின் மணிகள் விற்கும் வீதியைக் காட்டும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் முத்தின் குணத்தையும் குற்றத்தையும் வகுத்துரைக்கிறது. வகுப்பில் அப்பகுதியை நடத்தும்போதெல்லாம், உரையாசிரியர்களைக் காட்டிலும் காயல்பட்டினத்து முதியவர் ஒருவர் அதனை நன்கு விளக்குவார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கண்ட ஒளியை விலையாக மாற்றுவது ஒரு கலை. அதனை வண்ணமாக மாற்றுவது வேறொரு கலை. இரண்டாவது கலையை வாழ்நாள் முழுவதும் பயின்று, பிறர்க்கும் பயிற்றுவித்த ஒருவர் இம்மாவட்டத்தின் மேற்கே, கடற்காற்று எட்டாத கரிசற்காட்டு ஊராகிய கோவில்பட்டியில் வாழ்ந்து மறைந்தார். அவரே ஓவியர் சி. கொண்டைய ராஜு.

பெயரைச் சொன்னால் இன்றைய மாணவர்களுள் பலர் விழிப்பர். ஆனால் அவர்தம் கைவண்ணத்தைக் காணாதவர் தமிழ்நாட்டில் அரியர். மளிகைக் கடையின் கல்லாவுக்கு மேலே, முடிதிருத்தகத்தின் கண்ணாடிக்கு அருகே, பேருந்து ஓட்டுநரின் இருக்கைக்கு எதிரே எனக் கண்ட இடமெங்கும் தொங்கிய நாட்காட்டிப் படங்களின் முகத்தையும் நிறத்தையும் அமைத்துத் தந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அவர். ஓவியத்தின் அடியிலுள்ள கையொப்பத்தை நாம் பார்ப்பதில்லை. கடையின் பெயரையும் கிழமையையும் பார்க்கிறோம். ஆண்டு முடிந்ததும் படத்தைக் கழற்றி விடுகிறோம். இவ்வாறு ஆண்டுதோறும் கழற்றப்பட்ட ஒருவரின் வாழ்வையே இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

கொண்டைய ராஜு 1898ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். இளமையிலேயே எழும்பூரிலிருந்த அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1850இல் தொடங்கி, பின்னர் அரசு ஏற்று நடத்திய அப்பள்ளி இந்தியாவின் பழைமையான ஓவியப் பள்ளிகளுள் ஒன்று. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் முதலிய கைத்தொழில்களோடு மேலைநாட்டு முறையிலான வரைகலையும் அங்குக் கற்பிக்கப்பட்டது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே.

மேலைநாட்டு முறை என்பது யாது? ஒரு பொருளை ஒரு சாளரத்தின் அருகே வைப்பர். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும். ஒளி நேரே படும் இடம், ஒளி தளர்ந்து செல்லும் இடம், முழு நிழல், தரையிலிருந்து திரும்பி நிழலுக்குள் நுழையும் மெல்லொளி, பொருள் தரைமேல் வீழ்த்தும் நிழல் என ஒரு பந்தின் மேற்பரப்பிலேயே ஐந்து வேறுபாடுகளைக் காணப் பயிற்றுவர். பந்தின் உருட்சியை வட்டக்கோடு காட்டாது, இவ்வேறுபாடுகளே காட்டும். இதனைக் கண்டறிய ஒரு மாணவனுக்கு மாதங்கள் பிடிக்கும். பந்து வெள்ளை என்று அவன் அறிந்திருக்கிறான். ஆகவே முழுவதும் வெள்ளையாகவே அதனைக் காண்கிறான். அறிவு கண்ணை முந்திக்கொள்கிறது.

இந்நுட்பத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம் ஆவார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய கிதாபுல் மனாழிர் என்னும் நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தது. பொருள்மேல் பட்ட ஒளி அதன் நிறத்தோடு கண்ணை வந்தடைகிறது என்று நிறுவியது. அங்கும் நில்லாமல், வந்தடைந்ததை முன்னறிவோடு ஒப்பிட்டே மனம் தீர்ப்புச் சொல்கிறது என்றும் அவர் விளக்கினார். ஐரோப்பிய ஓவியர்கள் பின்னாளில் கைக்கொண்ட காட்சிக் கணிதத்துக்கு அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு துணைநின்றது. எழும்பூர்ப் பள்ளியில் பந்தையும் கூம்பையும் வரைந்த இளைஞர்கள் அவர் பெயரைக் கேட்டிருந்தார்களோ இல்லையோ, அவர் கண்ட உண்மையின் மீதே அமர்ந்து வரைந்தனர்.

அந்நாளைய தென்னிந்திய இளைஞர்களுக்கு ஓவியம் என்றால் இரவிவர்மா. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர், எண்ணெய் வண்ணத்தால் பட்டின் மடிப்பையும் பொன்னின் மினுக்கையும் தோலின் வெம்மையையும் காட்டிப் புகழ்பெற்றார். 1894இல் பம்பாயில் அச்சகமும் நிறுவி, அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியத்தை எளியவர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார். கொண்டைய ராஜுவின் தலைமுறை அந்த அச்சுப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை.

பள்ளிப் படிப்பு முடித்தவர் உடனே தொழிலில் இறங்கவில்லை. திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தார். துறவுள்ளம் அவரிடம் இறுதிவரை இருந்தது. திருமணம் செய்து கொள்ளாமலே வாழ்ந்தார். ஆயினும் தூரிகையைத் துறக்க அவரால் இயலவில்லை. மலையடிவாரத்திலிருந்து இறங்கி, ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனிகளில் திரைச்சீலை தீட்டும் ஓவியராகச் சேர்ந்தார். ஆசிரமத்திலிருந்து நாடகக் கொட்டகைக்கா என்று வியப்பவர் வியக்கலாம். ஒளியைப் பற்றிய அவருடைய இரண்டாம் பாடம் அக்கொட்டகையில்தான் தொடங்கியது என்பது என் கருத்து.

நாடகத் திரை வரைதல் எத்தகைய தொழில் என்பதை இன்றைய மாணவர்க்குச் சற்று விளக்க வேண்டும். அரண்மனை, காடு, வீதி, நந்தவனம், சிறைச்சாலை எனக் காட்சிக்கொரு படுதா வேண்டும். பெரிய துணியைத் தரையில் விரித்தோ சட்டத்தில் இழுத்துக் கட்டியோ, வண்ணப் பொடியைப் பசையுடன் கரைத்துத் தீட்டுவர். ஈரமாயிருக்கும்போது அடர்ந்து தோன்றும் வண்ணம் காய்ந்ததும் வெளிறிவிடும். ஆகவே கண்முன் தெரியும் நிறத்தை நம்பாமல், நாளை தெரியப்போகும் நிறத்தை எண்ணியே கலக்க வேண்டும். அன்றியும் பகலில் தீட்டுவது இரவில் விளக்கொளியில் காணப்படும். விளக்கின் மஞ்சள் ஒளியில் மஞ்சள் நிறம் வெளுத்து மறையும். நீலம் கறுத்துப் போகும். சிவப்பு மட்டும் ஓங்கி நிற்கும். எனவே இரவில் வானம் வானமாகத் தெரிய வேண்டுமாயின் பகலில் அதனை வேறொரு நீலத்தால் தீட்டியாக வேண்டும். கடைசி வரிசைத் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் மாடத்தின் தூண் தூணாகத் தெரிய வேண்டும் என்பதால், அருகில் நின்று பார்த்தால் முரடாகத் தோன்றும் அளவிற்கு ஒளியையும் நிழலையும் பிரித்து வைக்க வேண்டும்.

பிரான்சு நாட்டு மோனே என்னும் ஓவியர் ஒரே வைக்கோற்போரை 1890, 1891 ஆண்டுகளில் காலை, மாலை, வெயில், பனி என வெவ்வேறு வேளைகளில் பல படங்களாகத் தீட்டினார். பொருளுக்கென்று நிலைத்த நிறம் இல்லை, வேளைதோறும் அது மாறுகிறது என்பதை உலகம் அவரிடம் கற்றது. நம் நாடகத் திரை ஓவியர்களோ அதே உண்மையைப் பிழைப்பின் பொருட்டுக் கற்றனர். கற்காதவரின் படுதாவைக் கண்டு கொட்டகையே சிரித்திருக்கும்.

1931இல் காளிதாஸ் வெளிவந்த பின் பேசும்படம் நாடக மேடையின் உயிரை மெல்ல மெல்ல உறிஞ்சிற்று. நடிகர்களும் பாடகர்களும் திரைப்படத்துக்குச் சென்றனர். உலகப் போர் வந்தது, தட்டுப்பாடு வந்தது. கொண்டைய ராஜு பணியாற்றிய நாடகக் குழு 1942இல் கோவில்பட்டியில் முகாமிட்டிருந்தபோது கலைந்தது. மற்றவர் அவரவர் ஊர்க்குத் திரும்பினர். அவர் திரும்பவில்லை. நாற்பத்து நான்கு வயதில், உறவென்று ஒருவரும் இல்லாத ஊரில், கையில் தூரிகையும் உடன் ஓரிரு இளைஞருமாகத் தங்கிவிட்டார். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான இருப்புப் பாதையில் அமைந்த கோவில்பட்டி பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்துவந்த ஊர். வானம் பார்த்த கரிசல் நிலத்தின் நடுவே அவ்வூரில் வாழ்ந்து காட்டலாம் என்று அவருக்கு ஏன் தோன்றிற்று என்பது சிந்தனைக்குரியது. நாடகம் போன பின்னும் சுவர் இருந்தது, கடைப்பலகை இருந்தது, நிழற்படம் எடுத்துக்கொள்ளும் ஆசை மக்களிடம் புதிதாய்ப் பிறந்திருந்தது.

அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் நிலையம் உருவாயிற்று. மூன்றாம் பாடம் அங்குத் தொடங்கியது.

கறுப்பு வெள்ளை நிழற்படக் காலத்தில் ஓவியர் இன்றி நிழற்பட நிலையம் நடவாது. பின்னணிக்குத் திரை வேண்டும். மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் தொலைவில் ஓர் ஏரியும் தீட்டிய அத்திரைகளின் முன் நின்றுதான் நம் பாட்டனாரும் பாட்டியாரும் திருமணப் படம் எடுத்துக்கொண்டனர். அடுத்தது முகத்தைத் திருத்தும் வேலை. அக்காலத்துப் படச்சுருள்களிலும் கண்ணாடித் தகடுகளிலும் பல, செந்நிறத்தை உள்ளவாறு பதிவு செய்யும் ஆற்றல் குன்றியவை. மாநிற முகம் இருண்டு விழும், உதடு கறுக்கும், அம்மைத் தழும்பு பெரிதாகத் தோன்றும். அதனைத் திருத்த மறிபடத்தின் மேல் கூர்மையான பென்சிலால் நுண்புள்ளிகள் இடுவர். மறிபடத்தில் கரிப்புள்ளி இட்ட இடம் அச்சில் வெளுத்துத் தெரியும். கருமையைச் சேர்த்தால் வெண்மை பிறக்கும் இத்தலைகீழ் உலகில் நாள்தோறும் உழைப்பவன், ஒளியையும் நிழலையும் பற்றிப் பிறர் அறியாதவற்றை அறிவான். அச்சிட்ட படத்துக்கு மெல்லிய நீர் வண்ணம் பூசுவது அதன்பின் வரும் வேலை. கன்னத்துக்குச் சற்றே சிவப்பு, சேலைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள். வண்ணம் மிகுந்தால் முகம் மறையும். குறைந்தால் வாடிக்கையாளர் பணம் தரமாட்டார்.

இவ்வேலைகளில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பள்ளி கற்பித்தது ஒரு பக்க ஒளி. முகத்தின் பாதி வெளிச்சத்திலும் பாதி இருளிலும் இருப்பதே அங்கு அழகு. ஊர் மக்களோ நிழற்பட நிலையத்தில் அதனை ஒப்பவில்லை. மகளின் முகத்தில் பாதியைக் கறுப்பாக்கிவிட்டீர்களே என்று எந்தத் தந்தைதான் கேட்கமாட்டார்? ஆகவே முகத்தில் உருட்சி இருக்க வேண்டும், இருள் இருக்கலாகாது. கொண்டைய ராஜுவின் ஓவிய நெறி முழுவதையும் இவ்வொரு வேண்டுகோளிலிருந்து வருவித்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது.

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் அப்போது வேறொரு தொழில் பெருகிக்கொண்டிருந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் தாள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும், அதற்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகியபின் ஆண்டு முழுவதும் அவற்றுக்கு வேலை வேண்டும். நாட்காட்டி அவ்வேலையைத் தந்தது. விடுதலைக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் நாட்காட்டி ஓவியத்துக்குத் தேவை மிகுந்தபோது, கோவில்பட்டி ஓவியர்களின் கை சிவகாசிக்கு உரித்தாயிற்று. கொண்டைய ராஜு வரைந்த மீனாட்சி கல்யாணம் அவற்றுள் மிகப் புகழ்பெற்றது. தென்னாட்டு வீடுகளில் அப்படம் பெற்ற இடத்தை எவ்வளவு சொன்னாலும் தகும்.

அச்சுக்குத் தீட்டுவதும் தனி வித்தை. ஓவியத்தை நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு எனப் பிரித்து, நான்கு தகடுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவர். கறுப்பு மை சற்று மிகுந்தால் நுட்பமான நிழல்கள் எல்லாம் ஒன்றாகிச் சேறாகும். எண்ணெய் ஓவியத்தில் ஆழம் தரும் கருநிழல் மலிவான தாளில் அழுக்காகத் தெரியும். ஆகவே அச்சுக்குத் தீட்டுபவர் நிழலைக் கறுப்பால் காட்டாமல் நிறத்தாலேயே காட்ட வேண்டும். மஞ்சளின் நிழல் செம்மஞ்சள். இளஞ்சிவப்பின் நிழல் கருஞ்சிவப்பு. வெள்ளையின் நிழல் நீலமோ ஊதாவோ. வெயிலில் உலர்த்திய வெள்ளை வேட்டியின் மடிப்பைத் தூத்துக்குடி உப்பளத்தின் கரையில் நின்று உற்றுப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். உப்புக் குவியலின் நிழற்பக்கம் கறுப்பன்று. வானத்தின் நீலம் அதில் படிந்திருக்கும்.

இவ்வாறு மக்கள் விருப்பமும் அச்சுப் பொறியின் வரம்பும் ஒரே திசையில் அவரைத் தள்ளின. சாளரத்து ஒளி மறைந்தது. அவர்தம் ஓவியத்து மாந்தர் நம்மை நேரே நோக்குகின்றனர். முகம் முழுவதும் ஒளி பரவியிருக்கிறது. மூக்கின் அருகிலும் கழுத்தின் கீழும் மெல்லிய வண்ண மாற்றம் மட்டும் உருட்சியை உணர்த்துகிறது. பின்னே தெரியும் மலையும் நீரும் மண்டபமும் நாடகத் திரையின் வாரிசுகள். முன்னே நிற்கும் உருவம் நிழற்பட நிலையத்தின் வாரிசு. அவ்வொளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை கூற இயலாது. உருவத்திலிருந்தே வருகிறது போலும். கற்ற பாடத்தை மறந்து அவர் இங்கு வந்து சேரவில்லை. சாளர ஒளியை முற்றக் கற்றவரால்தான் அதனைத் துறக்கவும் இயன்றது. கல்லாதவர் நிழலை விட்டுவிட்டால் முகம் தட்டையாகத் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

அவர் படங்களில் அணிகள் மிகுதி. அணிகளுள் முத்து மிகுதி. எனவே முத்துக் கரையைச் சேர்ந்த நாம் அதனைச் சற்று நின்று பார்க்கலாம். முத்து வரையச் சொன்னால் தொடக்க மாணவன் வட்டமிட்டு வெள்ளை நிரப்புவான். அது சுண்ணாம்பு உருண்டையாகும். முத்தின் பெரும்பகுதி உண்மையில் சாம்பல் நிறம். மேலே ஓரிடத்தில் ஒரு சிறு வெண்புள்ளி, அதுவே விளக்கொளி. அடியோரத்தில் அது கிடக்கும் இடத்தின் நிறம்: மார்பின் மாநிறமோ பட்டின் சிவப்போ அங்கே தங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையே மங்கல் மெல்ல உருகிச் செல்லும். வெள்ளை நிறத்தைக் கடுகளவு வைத்துக்கொண்டு முழு வெண்மையை உணர்த்துவதே கலை.

உலகப் புகழ்பெற்ற முத்து ஓவியம் ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. டெல்ஃப்ட் நகரத்து வெர்மீர் 1665ஆம் ஆண்டளவில் தீட்டிய முத்துத் தோடு அணிந்த பெண்ணின் படம் அது. அதனை அண்மையில் கருவிகளால் ஆராய்ந்தவர்கள், அந்த முத்துக்குக் கொக்கியே இல்லை, சில வெண்தீற்றல்கள் மட்டுமே உள்ளன என்று கண்டனர். மேலே ஒளிப்புள்ளி, கீழே வெள்ளைக் கழுத்துப் பட்டையின் சாயல், அவ்வளவே. மற்றதைக் காண்பவர் கண் நிரப்பிக்கொள்கிறது. ஒரு பொருத்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளை நகரங்களுள் ஒன்று. அக்கம்பெனி 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றி ஆண்ட துறைகளுள் ஒன்று நம் தூத்துக்குடி. அத்தோடு நம் கடலின் முத்து என்று சொல்லத் துணிவாரில்லை. அது முத்துதானா என்றே ஐயுறுகின்றனர். ஆயினும் முத்தைக் காணும் கண் ஐரோப்பாவுக்கு எக்கடல்களின் வழியே சென்றது என்பதை மறத்தல் இயலாது.

முத்தின் ஒளி எவ்வாறு எழுகிறது என்பதை நம்மவரான சர் சி. வி. இராமனும் ஆராய்ந்தார். கடலின் நீலத்தில் தொடங்கிய அவர் ஆய்வு, 1930களில் கிளிஞ்சலின் வண்ண மினுக்கத்துக்கும் 1950களில் முத்துக்கும் வந்தது. மெல்லிய சுண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒளி ஒவ்வொரு படலத்திலும் சிறிது திரும்பிச் சிறிது நுழைந்து செல்கிறது. உள்ளிருந்து ஒளி வருவதாகக் காயல் வணிகர் கண்டது வெறுந்தோற்றம் அன்று. அதே பத்தாண்டில் கோவில்பட்டியில் ஒருவர் அதே ஒளியைத் தூரிகையால் தேடிக்கொண்டிருந்தார்.

கொண்டைய ராஜுவின் வாழ்வில் போற்றத்தக்கது அவர்தம் ஆசிரியத் தொண்டு. பள்ளிக்கூடம் நடத்தவில்லை, சான்றிதழ் வழங்கவில்லை. வந்தவரைச் சேர்த்துக்கொண்டு, உடன் வைத்து, செய்து காட்டினார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலியோர் அவர்தம் மாணாக்கராய்ப் பெயர்பெற்றனர். சிலர் தென்மாவட்டத்து ஊர்களில் நிழற்பட நிலையங்கள் தொடங்கினர். சிலர் நாட்காட்டி ஓவியராயினர். பல படங்களில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் சேர்ந்தே இருக்கக் காணலாம். கொண்டைய ராஜு, சுப்பையா என்னும் இரட்டைக் கையொப்பம் அக்கால நாட்காட்டிகளில் அடிக்கடி தென்படும். எந்தப் பகுதி ஆசிரியருடையது, எது மாணாக்கருடையது என்று பிரித்தறிய முடியாதபடி கைகள் கலந்தன. தம் பெயரைத் தனியே நிறுத்த விரும்பும் ஓவியர் இவ்வாறு செய்யார். கலை வரலாற்றில் இடம்பெறுவதற்குத் தனிப்பெயர் வேண்டும். அவரோ அதனைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

அவரைப் பற்றி அறிஞர் உலகம் நெடுங்காலம் பேசாதிருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவர் பயின்ற அதே எழும்பூர்ப் பள்ளி, 1930 அளவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையிலும் பின்னர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையிலும் புதுமை ஓவியத்தின் தாயகமாயிற்று. அவ்வழியில் வந்தோர்க்கு நாட்காட்டிப் படம் என்பது வசைச்சொல். நிறம் மிகுதி, இனிமை மிகுதி, எல்லா முகமும் ஒன்றுபோல் என்பன குற்றச்சாட்டுகள். இவற்றுள் மூன்றாவதை நானும் ஒப்புகிறேன். விற்பனைக்கு உகந்த முகம் ஒன்று அமைந்தபின் அச்சகங்கள் அதனையே மீண்டும் மீண்டும் கேட்டன. பிற்காலப் படங்கள் சிலவற்றில் கை மட்டும் வேலை செய்திருக்கிறது, கண் பார்க்கவில்லை. ஆனால் முதலிரண்டு குற்றங்களையும் சொல்வோர், நாற்பது வாட் விளக்கு எரியும் இருண்ட கடையில், சமையற் புகை படிந்த சுவரில், பன்னிரண்டு மாதம் தொங்கித் தெரிய வேண்டிய படம் அது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையை மறவாத ஓவியர் அந்தச் சுவரையும் மறக்கவில்லை.

உருவ ஓவியத்தின்பால் நம் இல்லங்களில் உள்ள தயக்கம் யாவரும் அறிந்ததே. அதனை ஈண்டு விவாதிப்பது என் நோக்கமன்று. நம் வீட்டுச் சுவரில் கஅபாவின் படமும் மதீனத்துப் பச்சைக் குவிமாடமும் தாங்கித் தொங்கிய நாட்காட்டிகளும் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவையே என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். குவிமாடத்தின் பச்சை சேறாகாமல், வானத்தின் நீலம் அதனை விழுங்காமல், பின்னே ஓர் ஒளிவட்டம் விரிந்து செல்லுமாறு அமைக்கும் முறை நாட்காட்டி ஓவியர்கள் வகுத்த முறை. ஒளியைத் தீட்டும் திறம் எம்மதத்தார்க்கும் பொதுவாயிற்று.

கொண்டைய ராஜு 1976இல் காலமானார். மன்னார் வளைகுடாவின் நம் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே கடைசிப் பெருங்குளிப்பாக முடிந்திருந்தது. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டியிருந்தனர். 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இம்மாற்றங்களையெல்லாம் கரிசற்காட்டிலிருந்து பார்த்துவிட்டே அவர் கண்மூடினார். பின்னர் நிழற்படம் வண்ணமாயிற்று. பென்சிலால் முகம் திருத்துவோர் தொழில் இழந்தனர். 1990களில் கணிப்பொறி வந்தபின் தூரிகையால் நாட்காட்டி தீட்டுவோரும் அருகினர். பழைய படங்களையே கணிப்பொறியில் வெட்டி ஒட்டி, வண்ணம் ஏற்றிப் புதிதெனத் தருவது வழக்கமாயிற்று. இவற்றுள் கோவில்பட்டியின் முகங்கள் கையொப்பம் நீங்கி இன்றும் உலவுகின்றன.

கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் அவரைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1995இல் வெளிவந்தது. நாம் குப்பையில் இட்ட தாள்களை அவர் சேர்த்து வைத்துப் படித்திருக்கிறார்.

நம் துறை மாணவர்கள் உமறுப் புலவர் அடக்கத்தலத்தையும் பாரதியார் பிறந்த இல்லத்தையும் காண எட்டயபுரம் செல்வதுண்டு. அங்கிருந்து கோவில்பட்டி பதினைந்து கிலோமீட்டர் அளவே. அடுத்த முறை வண்டியை அங்கேயும் விடச் சொல்ல எண்ணியிருக்கிறேன். மாணவர்கள் தத்தம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நாட்காட்டித் தாள்களையும், பாட்டியாரின் கைவண்ணம் ஏற்றிய நிழற்படங்களையும் தேடி எடுத்து வைத்தால், போகும் வழியில் சாளர ஓரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே செல்லலாம். முதலில் கழுத்திலுள்ள முத்தைப் பார்க்கச் சொல்வேன். அதில் வெள்ளை எவ்வளவு என்று எண்ணச் சொல்வேன்.